குவேன் சாலையும் மூன்று வளைய மருந்துகளும்

மாண்ட்ரியல் தீவின் வடகரையை ஒட்டியே செல்லும் குவேன் சாலை, தீவிலேயே நீளமானது. அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதிக்குள் சில கிலோமீட்டர் தூரத்தில் அது மூன்று பெரிய வளாகங்களைக் கடக்கிறது. கிழக்கே 1912-ல் திறந்த போர்தோ சிறை. அதற்கு மேற்கே, பிராவிடன்ஸ் சபைக் கன்னியர் 1926-ல் இங்கே கொண்டுவந்த சாக்ரே-கேர் மருத்துவமனை. இன்னும் மேற்கே, மரங்களுக்கு நடுவில் ஆற்றைப் பார்த்தபடி, அல்பேர் பிரெவோ என்ற நரம்பியல் மருத்துவர் 1919-ல் தொடங்கிய சானடோரியம்.

1950-களில் இந்தத் தீவில் மனச்சோர்வில் விழுந்த ஒருவர் எங்கே போய்ச் சேர்வார் என்பதை நோய் மட்டும் முடிவு செய்யவில்லை. பணமும் மதமும் மொழியும் சேர்ந்தே முடிவு செய்தன. கத்தோலிக்க ஏழை கிழக்குக் கோடியிலிருந்த சாங்-ஜான்-தெ-தியே என்ற மாபெரும் மனநோய் விடுதிக்குப் போனார். ஆங்கிலம் பேசிய புராட்டஸ்டன்ட், தெற்கே வெர்டனுக்குப் போனார். 'நரம்புத் தளர்ச்சி' என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்ள வசதியுள்ள குடும்பங்கள் ஆற்றோரத்துப் பிரெவோ சானடோரியத்தை நாடின. சட்டத்தின் கையில் சிக்கிய மனநோயாளி, போர்தோ சிறைக்குள்ளிருந்த பைத்தியக்கார விடுதியில் அடைபட்டார். அந்த விடுதியின் அவலத்தை எழுத்தாளர் ஜாக் எபேர் 1959-ல் ஒரு சிறு நூலாக எழுதி வெளிக்கொண்டுவந்தார்.

இதே பத்தாண்டில்தான் மனச்சோர்வுக்கு முதன்முறையாக ஒரு மாத்திரை கிடைத்தது. வேதிக் கட்டமைப்பில் மூன்று வளையங்கள் ஒட்டியிருப்பதால் டிரைசைக்ளிக் என்று பெயர் பெற்ற அந்த மருந்துகள் வட அமெரிக்காவில் மாண்ட்ரியல் வழியாகவே நடை பழகின. இமிபிரமின், அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், டெசிபிரமின், குளோமிபிரமின், டாக்செபின் என்று நீளும் அந்தக் குடும்பத்தில் எது சிறந்தது என்ற கேள்வி ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. துயரத்தை எவ்வளவு தூக்குகிறது என்று பார்த்தால் அவற்றுக்குள் பெரிய இடைவெளி இல்லை. அதற்காக உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்பதில்தான் ஒவ்வொன்றும் வேறுபடுகிறது. இதை ஆய்வகம் முன்கூட்டியே சொல்லவில்லை. நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் மெல்ல மெல்லக் கண்டறிந்தார்கள்.

சாக்ரே-கேர் அந்நாளில் காசநோயாளிகளுக்கும் இடம். மனச்சோர்வு மருந்துகளின் கதைக்குக் காசநோயோடு உள்ள உறவு நெருக்கமானது. 1952 வாக்கில் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் ஐப்ரோனியசிட் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிட்டவர்கள் எதிர்பாராத உற்சாகம் அடைந்தார்கள். பசி திரும்பியது, வார்டில் பேச்சும் சிரிப்பும் கூடின. 1957-ல் அமெரிக்க மனநல மருத்துவர் நேத்தன் கிளைன் அதையே மனச்சோர்வுக்கான மருந்தாக முன்வைத்தார். ஆனால் அது கல்லீரலைக் கெடுத்தது. சில ஆண்டுகளில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. டிரைசைக்ளிக் மருந்துகள் வந்தபோது இருந்த போட்டி அவ்வளவுதான்: கல்லீரலை மிரட்டும் ஒரு மருந்து, மின் அதிர்ச்சி சிகிச்சை, பழைய ஐரோப்பிய வழக்கமான அபினித் துளிகள், பேச்சு.

பேச்சுக்கு வலுவான கோட்டையாக இருந்தது பிரெவோவின் சானடோரியம். பிரெவோ 1926-ல் இறந்த பிறகு அதை நடத்திக் காட்டியவர்கள் இரண்டு செவிலியர்: ஷார்லோத் தாஸே, பெர்னாதெத் லெபின். மருத்துவர்கள் மட்டுமே அதிகாரம் செலுத்திய காலத்தில் இரு பெண்கள் ஒரு மனநல நிறுவனத்தை முப்பது ஆண்டுக்கும் மேல் கட்டிக்காத்தது சாதாரண விஷயமல்ல. கியூபெக் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. 1950-களின் இறுதியில் பாஸ்டனிலும் பாரிசிலும் பயின்ற கமீய் லொராங் அங்கே வந்தார். உளப்பகுப்பாய்வில் ஊறிய அவரும் சக இளம் மருத்துவர்களும், நோயாளியின் வாழ்க்கைக் கதையைக் கேட்பதே சிகிச்சையின் நடு நரம்பு என்று நம்பினார்கள். செவிலியர் நிர்வாகத்துக்கும் அவர்களுக்கும் மோதல் முற்றி, 1962-ல் மாகாண அரசு நீதிபதி ரெஞ்ஞியே தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. முடிவில் நிர்வாகம் மருத்துவர்கள் கைக்குப் போனது. சாங்-ஜான்-தெ-தியேவில் இருந்து வெளிவந்த முன்னாள் நோயாளி ஒருவர் 1961-ல் எழுதி மாகாணத்தையே உலுக்கிய நூலுக்குப் பின்னுரை எழுதியவரும் லொராங்தான். கியூபெக்கின் மொழிச் சட்டமான 101-ஆம் மசோதாவை 1977-ல் கொண்டுவந்த அமைச்சர் என்றே உலகம் இன்று அவரை அறிகிறது.

தீவின் தென்கரையில் நிலைமை வேறு. பெர்லினில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பி 1937-ல் கனடா வந்த ஹைன்ஸ் லேமன், வெர்டன் புராட்டஸ்டன்ட் மருத்துவமனையில் நூற்றுக்கணக்கான நோயாளிகளோடு தனியாக மல்லாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவரிடமும் மணிக்கணக்கில் கதை கேட்க அங்கே நேரமும் இல்லை, ஆளும் இல்லை. மனநோய்க்கு உடலில் ஏதோ ஒரு வேர் இருந்தே தீரும் என்ற நம்பிக்கையில் அவர் பலதையும் முயன்றார்: மிகை அளவு காபீன், காய்ச்சலை வரவழைக்கத் தசையில் டர்பன்டைன் ஊசி, நைட்ரஸ் ஆக்சைடு. எதுவும் நிலைக்கவில்லை. 1953-ல் பிரெஞ்சு மருந்து நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர் விட்டுப்போன கட்டுரையை லேமன் குளியல் தொட்டியில் படுத்தபடி படித்தார் என்பது அவரே பலமுறை சொன்ன சம்பவம். கட்டுரை பிரெஞ்சில் இருந்தது; ஆங்கில மருத்துவமனையில் வேலை செய்த இந்த ஜெர்மானியருக்குப் பிரெஞ்சும் தெரிந்திருந்தது நல்லதாயிற்று. அப்படித்தான், அந்தக் கட்டுரை பேசிய குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்து வட அமெரிக்காவுக்குள் நுழைந்தது. கார்மன் ஹன்ராஹனோடு சேர்ந்து 71 நோயாளிகளின் அனுபவத்தை அவர் 1954-ல் வெளியிட்டார். 1957-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

குளோர்புரோமசினின் வேதிச் சகோதரன்தான் அடுத்துவந்த மருந்து.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து கெய்கி நிறுவனத்திடம் இமினோடைபென்சில் என்ற பழைய சேர்மம் இருந்தது. ஜெர்மன் வேதியியலாளர்கள் 1899-லேயே அதை ஆக்கிவிட்டிருந்தார்கள். பயன் தெரியாமல் அரை நூற்றாண்டு கிடந்தது. குளோர்புரோமசினின் நடு வளையத்திலுள்ள கந்தகத்தை எடுத்துவிட்டு இரண்டு கார்பன் அணுக்களால் பாலம் கட்டினால் கிடைக்கும் உருவம் அது. அதிலிருந்து எடுத்த, பின்னாளில் இமிபிரமின் எனப் பெயர் பெற்ற மருந்துக்கு ஜி 22355 என்று எண் கொடுத்து, கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் முன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையிலிருந்த மருத்துவர் ரோலண்ட் கூனிடம் கொடுத்தார்கள். குளோர்புரோமசின் வாங்க அந்த மருத்துவமனையிடம் பணம் போதவில்லை. கெய்கியின் மாதிரி மருந்துகள் இலவசம். ஸ்கிசோஃப்ரினியா நோயாளிகளுக்கு ஜி 22355 உதவவில்லை, சிலரைக் கிளறியும் விட்டது. கூன் அதை ஒதுக்கிவிடாமல், 1956 ஜனவரியில் கடும் மனச்சோர்வில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். சில நாளில் மாற்றம் தெரிந்தது. இன்னும் ஓரிருவரிடம் பார்த்துவிட்டு, பிப்ரவரியிலேயே கெய்கிக்கு எழுதிவிட்டார்.

கூனிடம் அளவுகோல் பட்டியல்கள் இல்லை, போலி மாத்திரை ஒப்பீடு இல்லை. நோயாளியின் குரல் எவ்வளவு தணிந்திருக்கிறது, காலையில் சோர்வு கூடி மாலையில் தணிகிறதா, முகம் இறுகியிருக்கிறதா என்று அவர் பார்த்தார். எல்லா வகைத் துயரத்துக்கும் இந்த மருந்து பயன்படாது. புறக் காரணம் இல்லாமல் உள்ளிருந்தே எழும், உடலையும் சிந்தனையையும் மந்தமாக்கும் சோர்வுக்கே இது நன்றாக உதவுகிறது என்று அவர் 1957-ல் எழுதினார். பிற்காலத்துப் பெரிய ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின. ஆனால் அந்த ஆண்டு செப்டம்பரில் ஸூரிக் உலக மனநல மாநாட்டில் அவர் பேசியதைக் கேட்டவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர்தான்.

இந்தக் கண்டுபிடிப்புக்கு இருண்ட பக்கமும் உண்டு. முன்ஸ்டர்லிங்கன் இருக்கும் துர்காவ் மாநிலம் நியமித்த வரலாற்றாய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட நூலின்படி, அந்த மருத்துவமனையில் பல பத்தாண்டுகளாக, அங்கீகாரம் பெறாத பல பொருள்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மீது சோதிக்கப்பட்டன. அவர்களின் சம்மதம் முறையாகப் பெறப்படவில்லை. கூனின் கூர்ந்த பார்வையைப் பாராட்டும்போது, பார்க்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்ட லேமனுக்குக் கூனின் கட்டுரை எட்டியது. அவரும் சார்லஸ் கான், ரோஜர் தெ வெர்தேயும் சேர்ந்து வெர்டன் நோயாளிகளுக்கு இமிபிரமின் கொடுத்து, 1958-ல் கனடிய மனநல மருத்துவ இதழில் எழுதினார்கள். வட அமெரிக்காவில் இமிபிரமின் பற்றிய முதல் அறிக்கைகளில் அது ஒன்று. அதே ஆண்டு, மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஆலன் மெமோரியல் நிலையத்தில் ஹசன் அசிமா என்ற ஈரானிய மருத்துவர் தன் பங்குக்கு ஓர் ஆய்வை வெளியிட்டார். 1959 மார்ச்சில் மனச்சோர்வு பற்றி மெக்கில் ஒரு மாநாடே கூட்டியது. ஒன்றிரண்டு ஆண்டுக்குள் மாண்ட்ரியல் இந்த மருந்தின் அமெரிக்கக் கண்டத்து வாசலாகிவிட்டது.

அதே ஆலன் மெமோரியலில்தான், அதே காலத்தில், அதன் தலைவர் யூவன் கேமரன் மனத்தைத் 'துடைத்து எழுதும்' கொடூரச் சோதனைகளை நடத்திக்கொண்டிருந்தார்; அமெரிக்க உளவுத்துறையின் பணமும் அதில் இருந்தது. கனடிய அரசு 1992-ல் பாதிக்கப்பட்ட 77 பேருக்குத் தலா ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. இமிபிரமினின் வெற்றிக்கதையையும் இதையும் தனித்தனி அறைகளில் வைத்துப் பேசுவது சரியல்ல. நோயாளியின் சொல்லுக்கு மதிப்பில்லாத ஒரே காலம்தான் இரண்டையும் பெற்றெடுத்தது.

இமிபிரமினுக்குப் போட்டியாக 1961-ல் அமெரிக்காவில் அமிட்ரிப்டிலின் இறங்கியது. நடு வளையத்து நைட்ரஜனுக்குப் பதில் ஒரு கார்பன்: வேதி வித்தியாசம் அவ்வளவே. ஆனால் மருத்துவர்கள் உடனே ஒரு வேறுபாட்டைக் கவனித்தார்கள். இமிபிரமின் மந்தமாகிக் கிடப்பவரை எழுப்பிவிட்டது; அமிட்ரிப்டிலின் பதறுபவரைத் தூங்கவைத்தது. இரவெல்லாம் விழித்துக் கைபிசையும் நோயாளிக்குப் படுக்கும்முன் ஒரு அமிட்ரிப்டிலின் என்பது விரைவில் வழக்கமாயிற்று. பால்டிமோர் மருத்துவர் ஃபிராங்க் ஐட் அதே ஆண்டு, மனச்சோர்வை எப்படி அடையாளம் காண்பது என்று பொது மருத்துவர்களுக்கு ஒரு நூல் எழுதினார். மெர்க் நிறுவனம் அதில் 50,000 பிரதிகளை வாங்கி விநியோகித்தது. அதுவரை மனநல விடுதியின் நோயாக இருந்த மனச்சோர்வு, தெருமுனை டாக்டரின் நோயாக மாறியது இப்படித்தான். நன்மையும் நடந்தது, வியாபாரமும் நடந்தது.

பிறகு ஒரு வியப்பு. இமிபிரமினைக் கல்லீரல் உடைக்கும்போது டெசிபிரமின் உண்டாகிறது, அமிட்ரிப்டிலினை உடைக்கும்போது நார்ட்ரிப்டிலின் உண்டாகிறது என்று தெரியவந்தது. தாய் மருந்தை விழுங்கியவர் அறியாமலே குழந்தை மருந்தையும் விழுங்கிக்கொண்டிருந்தார். 1960-களின் நடுவில் இவ்விரண்டும் தனி மாத்திரைகளாகவே வந்தன. நடைமுறையில் ஒப்பீட்டின் மையமே இந்தத் தாய்–குழந்தை வேறுபாடுதான். தாய் மருந்துகள் உடலின் செய்திவேதிகளான அசெட்டைல்கோலின், ஹிஸ்டமின் இரண்டின் வேலையையும் பலமாகத் தடுக்கின்றன: நாக்கு ஒட்டும் அளவுக்கு வாய் வறட்சி, மலச்சிக்கல், எழுத்து மங்கல், முதியவருக்குச் சிறுநீர் அடைப்பு, மந்தமான தூக்கம், ஏறும் எடை. குழந்தை மருந்துகளில் இவை எல்லாமே குறைவு. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டுவது இமிபிரமினில் அதிகம், நார்ட்ரிப்டிலினில் குறைவு. எழுபது வயதுக்காரர் நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் கொள்ளாததும் இந்த ஒரு வேறுபாட்டில் தொங்கியிருந்த வீடுகள் எத்தனையோ. முதியவருக்கு டிரைசைக்ளிக் தேவைப்பட்டால் இன்றும் பல மருத்துவர்களின் முதல் தேர்வு நார்ட்ரிப்டிலின் ஆவதற்குக் காரணம் இதுதான்.

நார்ட்ரிப்டிலினுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. ஸ்வீடனின் மரி ஓஸ்பெரி குழுவினர் 1971-ல் காட்டியபடி, ரத்தத்தில் அதன் அளவு மில்லிலிட்டருக்குச் சுமார் 50 முதல் 150 நானோகிராமுக்குள் இருந்தால் பயன் அதிகம். குறைந்தாலும் பயன் குறைவு, கூடினாலும் குறைவு. ஒரே மாத்திரையை விழுங்கும் இருவரின் ரத்த அளவு பல மடங்கு வேறுபடலாம், ஏனென்றால் அதை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்வதில்லை. 'எனக்கு இந்த மாத்திரை ஒத்துக்கவே இல்ல டாக்டர்' என்று சொன்ன பலரின் பேச்சு அதுவரை அடம் என்று தள்ளப்பட்டது. அது உடலின் உண்மை.

குளோமிபிரமினின் வழி தனி. மூளையின் செய்திவேதியான செரடோனினை நரம்பு முனை மீண்டும் உறிஞ்சிக்கொள்வதை இந்தக் குடும்பத்தில் மிகப் பலமாகத் தடுப்பது அதுதான். கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டை இருபது தடவை இழுத்துப் பார்ப்பது போன்ற எண்ணச் சுழல் நோய்க்கு முதலில் நன்றாக உதவிய மருந்தும் அதுவே. மருத்துவமனையில் சேர்க்கும் அளவு கடுமையான மனச்சோர்வில் அது புதிய தலைமுறை மருந்துகளை முந்தியதை டென்மார்க் பல்கலைக்கழகக் குழு 1986-லும் 1990-லும் காட்டியது. அதற்கான கட்டணத்தை நோயாளிகள் வியர்வையிலும் நடுக்கத்திலும் குமட்டலிலும் செலுத்தினார்கள். குடும்பத்தில் அதிகம் உறங்கவைக்கும் டாக்செபினோ இன்று மிகச் சிறிய அளவில் தூக்க மருந்தாகவே அதிகம் அறியப்படுகிறது.

இவற்றின் பலன் மிகைப்படுத்தப்பட்டதா? பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கழகம் 1965-ல் வெளியிட்ட ஒப்பீடு நேர்மையான பதில் தந்தது. 250 நோயாளிகள், நான்கு வார முடிவில் நன்கு தேறியவர்கள் மின் அதிர்ச்சியில் 71 சதவீதம், இமிபிரமினில் 52, போலி மாத்திரையில் 39, ஃபினெல்சின் என்ற இன்னொரு வகை மனச்சோர்வு மருந்தில் 30. மருந்து வேலை செய்கிறது, ஆனால் போலி மாத்திரையும் வார்டின் பராமரிப்பும் பத்தில் நான்கு பேரைத் தேற்றிவிடுகின்றன. இந்த எண்ணைப் பார்க்கும்போது கார்ட்டியர்வில் ஆற்றோரத்து மருத்துவர்கள் கேட்பதற்குக் கொடுத்த முக்கியத்துவம் வீணில்லை என்று தோன்றுகிறது. வெர்டனும் பிரெவோவும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

மாத்திரை மூளைக்குள் என்ன செய்கிறது என்பதற்கு 1961-ல் ஜூலியஸ் ஆக்சல்ராட் குழு ஒரு பதில் சொன்னது: நரம்பு முனை வெளியிட்ட நாரட்ரினலினைத் திரும்ப உறிஞ்சாமல் இமிபிரமின் தடுக்கிறது. ஆக்சல்ராடுக்கு 1970-ல் நோபல் பரிசு. ஆனால் அந்தத் தடை சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. நோயாளி தேறுவதற்கோ வாரங்கள் ஆகின்றன. இந்த இடைவெளியில் எவ்வளவு பேர் நம்பிக்கை இழந்து மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள்! மாண்ட்ரியல் மருத்துவர் குளோத் தெ மோந்திஞ்ஞி, ஜார்ஜ் அகஜானியனோடு 1978-ல் எலிகளிடம் காட்டியது என்னவென்றால், டிரைசைக்ளிக்கை நீண்ட நாள் கொடுத்த பிறகே மூளைச் செல்கள் செரடோனினுக்குக் கூர்மையாகப் பதில் தருகின்றன. அதையே பிடித்துக்கொண்டு 1981-ல் அவர் டிரைசைக்ளிக் பலன் தராத எட்டு நோயாளிகளுக்கு லித்தியம் சேர்த்துக் கொடுத்தார். 48 மணி நேரத்துக்குள் தேற்றம் தெரிந்தது. பலன் தராத மருந்தைத் தூக்கி எறியாமல் துணை சேர்த்துப் பார்க்கும் இன்றைய வழக்கத்துக்கு அந்தச் சிறு ஆய்வு ஒரு பெரிய தூண்.

இவற்றின் மிகப் பெரிய குறை வேறு. இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைக்கும் ஆற்றல் இந்த மருந்துகளுக்கு உண்டு. அதிகம் விழுங்கினால் உயிரைப் பறிக்கும். சாவை நினைத்துக்கொண்டிருப்பவர் கையிலேயே அதைக் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. அதனால் ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதிக் கொடுப்பது, மாத்திரையை வீட்டார் வசம் வைத்திருக்கச் சொல்வது என்று மருத்துவர்கள் வழி கண்டார்கள். வாய் வறட்சி குறைந்த டெசிபிரமின் இந்த விஷயத்தில் குடும்பத்திலேயே அபாயமானது. ஒரு நன்மை இன்னொரு ஆபத்தோடு வந்தது. 1987 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய தலைமுறை மருந்தான புரோசாக் இவற்றை ஓரம் கட்டியதற்கு முதல் காரணம் அது கூடுதலாகக் குணப்படுத்தியது என்பதல்ல. அளவு மீறினாலும் ஆளைக் கொல்வது அரிது என்பதுதான்.

இந்தக் குடும்பத்துக்குத் தமிழர் கை பட்ட ஒரு கிளையும் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்த வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரி, பம்பாய் கோரேகாவில் சீபா நிறுவனம் 1963-ல் திறந்த ஆய்வு மையத்தின் முதல் இயக்குநரானார். அந்த மையத்தில் கே. நாகராஜன் குழு உருவாக்கிய நைட்ராக்சசெபின், 'சின்டாமில்' என்ற பெயரில் இந்தியச் சந்தைக்கு வந்த டிரைசைக்ளிக் மருந்து. அடிப்படையிலிருந்து இந்தியாவிலேயே ஆக்கிய மனநல மருந்துகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் ஒன்றை இன்றைய தமிழ் வாசகர்கள் கேள்விப்பட்டதே இல்லை என்பது வருத்தம்தான்.

விலை குறைவு என்பதால் ஏழை நாடுகளில் அமிட்ரிப்டிலின் நிலைத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1977-ல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அது இருந்தது. புரோசாக்கின் மருந்தான ஃபுளூவாக்செடின் அதில் சேர 2007 வரை ஆயிற்று. 2018-ல் லான்செட் இதழில் ஆக்ஸ்ஃபோர்டின் ஆந்த்ரேயா சிப்ரியானி குழு 522 சோதனைகளைத் தொகுத்து, 21 மருந்துகளை ஒப்பிட்டபோது, பலனில் முதலிடத்தில் வந்தது அமிட்ரிப்டிலின். அதே ஒப்பீட்டில், போலி மாத்திரையைவிட அதிகம் பேர் பாதியில் நிறுத்திய ஒரே மருந்து குளோமிபிரமின்.

இன்று மாத்திரைச் சீட்டில் அமிட்ரிப்டிலினைப் பார்ப்பவர் பெரும்பாலும் மனச்சோர்வுக்காரர் அல்ல. ஒற்றைத் தலைவலி, நரம்பு வலி, குடல் எரிச்சல் நோய் ஆகியவற்றுக்கு 10 மில்லிகிராம் முதல் எழுதுகிறார்கள். பிரிட்டனில் 463 பேரிடம் நடந்து 2023-ல் வெளிவந்த ஒரு சோதனையில், குடல் எரிச்சல் நோயாளிகளிடம் ஒரு சிறு கையேட்டைக் கொடுத்தார்கள். வயிறும் தூக்கமும் வாய் வறட்சியும் எப்படி இருக்கின்றன என்று தாங்களே பார்த்து, 10-லிருந்து 30 மில்லிகிராம் வரை அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்தவர்கள் அந்த நோயாளிகளே.